முப்பத்தோராவது சீட்

“மறந்துட்டியா? சோறு திங்க மறப்பியாடி நீ?”

ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே லின்சி மிஸ் கத்த ஆரம்பித்துவிட்டார்.

பொள்ளாச்சிக்கு வெளியே, தேங்காய்நார் மில்லை ஒட்டிய லைன் வீடுகள். சனிக்கிழமை சாயங்காலம். பக்கத்து வாசல்களில் இருந்து நாலைந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

லோகப்பிரியா மில்லில் இருந்து அப்போதுதான் வந்திருந்தாள். தலைமுடியெல்லாம் நார்த்தூசி. குனிந்த தலை நிமிரவில்லை.

அரசுப் பள்ளியில் லின்சி கணக்கு டீச்சர். ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் விண்ணப்பம் போடுவது, காலேஜ் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது எல்லாம் ஸ்கூல் கம்ப்யூட்டரில் அவர்தான் செய்வார். ஒரு மாத லீவு முடிந்து இந்தத் திங்கட்கிழமைதான் வேலைக்குத் திரும்பியிருந்தார். வந்ததும் லிஸ்டை எடுத்துப் பார்த்திருக்கிறார்.

“முப்பத்தோரு பேரு. முப்பது பேரு காலேஜ்ல சேர்ந்தாச்சு. உன் பேருக்கு நேரா மட்டும் சீட் ரத்துன்னு இருக்கு. என்ன சீட்டுன்னு தெரியுமா உனக்கு?”

“தெரியுமுங்க மிஸ்.”

“கோயமுத்தூர்ல கவர்மென்ட் காலேஜ். எலெக்ட்ரானிக்ஸ். கவர்மென்ட் ஸ்கூல் பிள்ளைங்களுக்கான ஏழரை சதவீத ஒதுக்கீடு. ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாமே கவர்மென்ட் கட்டும். நீ செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். ரெண்டாவது நாள் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ஸ்கூலுக்கு வந்து, சீட்டை ஒத்துக்கறேன்னு ஒரு பட்டனை அமுத்தணும். எத்தனை தடவை படிச்சுப் படிச்சுச் சொன்னேன்?”

“நெறைய வாட்டி சொன்னீங்க மிஸ்.”

“எல்லாரும் வந்தாங்க. உடுமலையில பாட்டி ஊட்டுக்குப் போயிருந்த பிரீத்திகாகூட பஸ் ஏறி வந்தா. உனக்கு மட்டும் என்ன கேடு?”

“மறந்துட்டேனுங்க மிஸ்.”

அம்மா கனகத்துக்குத் தாங்கவில்லை. அடுப்படியில் இருந்து வெளியே வந்தாள்.

“டீச்சருங்க, கொஞ்சம் நாஞ் சொல்றதக் கேளுங்க. அன்னைக்குப் புள்ள…”

“அம்மா! டீ வையி.” லோகப்பிரியாவின் குரல் சட்டென்று உயர்ந்தது. “மிஸ் அவ்வளவு தூரம் வந்திருக்காங்க.”

“எனக்கு டீயும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.” லின்சிக்கு மூச்சு வாங்கியது. “அடுத்தடுத்த ரவுண்டெல்லாம் முடிஞ்சுபோச்சு. விட்ட சீட்டுக்கு என்ன பண்றதுன்னு யாரையாவது போய்க் கேட்டியா?”

“இல்லீங்க மிஸ்.”

“யாரப் போயிக் கேக்கறதுங்க?” என்றாள் கனகம். “எங்களுக்குக் காலேஜப் பத்தித் தெரிஞ்ச ஆளு நீங்க ஒருத்தருதானுங்க. நீங்களும் லீவுல இருந்தீங்க.”

லின்சி ஸ்கூட்டர் பக்கம் திரும்பினார். பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

“நூத்தி எண்பத்தொண்ணு கட்ஆஃப் வாங்கின கை நார் உரிக்குது. அடுத்த வருஷம் வர பிள்ளைங்ககிட்ட உன் கதையைத்தான் சொல்லப் போறேன். இப்படி அலட்சியமா மட்டும் இருக்காதீங்கன்னு.”

“சொல்லுங்க மிஸ்,” என்றாள் லோகப்பிரியா. “பாத்துப் போங்க. மில்லுக்கு முன்னால ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்காங்க.”

ஸ்கூட்டர் போனது. எட்டிப் பார்த்த தலைகளும் உள்ளே போயின. “படிக்கற புள்ளைன்னு நெனச்சோம்” என்று யாரோ சொல்வது காதில் விழுந்தது.

கனகம் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“ஏங்கண்ணு இப்படிப் பண்றே? ஊரே கேக்கத் திட்டிப்போட்டுப் போறாங்க. உன்ற மாமன் ஊட்டுல வேற பொண்ணு கேட்டு விட்டிருக்காங்க. இன்னொரு வருசம்னா உங்கொப்பன் பொறுக்குமா?”

லோகப்பிரியா குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

“தோப்புக்கு ஓடி அப்பன்ற போனை வாங்கிட்டு, கடைசி நாளு நாலரை மணிக்கு நீ டீச்சரு பக்கத்துல போயி ஒக்காந்தியா இல்லியா?”

“ஒக்காந்தேன்.”

“போன்ல வந்த நம்பரப் படிச்சுச் சொன்னியா இல்லியா?”

“சொன்னேன். மிஸ்ஸும் அதை அடிச்சாங்க. அந்தப் பட்டன் ஒண்ணுதான் பாக்கி.”

“அப்ப வரவேயில்லைன்னு அந்தம்மா சொல்றப்ப, மறந்துட்டேன்னு எதுக்குடி பொய் சொல்றே?”

லோகப்பிரியா துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

“அந்த நேரத்துலதாம்மா அவங்களுக்குப் போன் வந்துச்சு. அவங்க ஊட்டுக்காரரு பைக்ல போறப்ப லாரி அடிச்சுருச்சுன்னு. மிஸ் அப்படியே சேர்ல இருந்து சரிஞ்சுட்டாங்க. லேப்ல வேற யாருமில்ல. நாந்தான் ஆட்டோ புடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். அவங்க சொந்தக்காரங்க வர வரைக்கும் கையைப் புடிச்சுட்டு ஒக்காந்திருந்தேன். அதுக்குள்ள அஞ்சு மணி தாண்டிருச்சு.”

கனகம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அந்த அதிர்ச்சியில நான் வந்ததோ, பக்கத்துல இருந்தது யாருன்னோ அவங்களுக்கு ஞாபகமில்லம்மா. சொன்னா, அவரு செத்த நாளோட என்ற சீட்டையும் சேத்து வெச்சு அழுவாங்க. நான் வரவேயில்லைன்னே இருக்கட்டும்.”