மூன்றாம் எண் தொட்டி

மீட்டரில் பூஜ்யம்.

ஒயரைக் கழற்றி மாட்டினாள். தட்டிப் பார்த்தாள். நகர்வேனா என்றது பூஜ்யம்.

நேற்று மாலைவரை இந்தத் தொட்டியால் ஒரு குட்டி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கேன்டீனில் மிஞ்சிய சோறும் காய்கறித் தோலும் உள்ளே மக்க மக்க, அவற்றைத் தின்னும் நுண்ணுயிர்கள் மின்சாரம் தரும். பதினோரு மாதமாக அவள் பொத்திப் பொத்தி வளர்த்தவை.

இன்னும் அரைமணி நேரத்தில் நிபுணர் குழு வருகிறது. விளக்கு எரிந்தால் அவளது ஆராய்ச்சி தொடரும். இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

மூடியைத் திறந்தாள். குப்பென்று பினாயில் வாடை.

வந்ததே கோபம்!

துப்புரவு வேலை பார்க்கும் அக்கா வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். பினாயில் பாட்டில் இந்தக் கட்டடத்தில் வேறு யார் கையில் இருக்கும்?

"கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? மூணாம் நம்பரைத் தொடாதீங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்? அத்தனையையும் கொன்னுட்டீங்களே!"

அத்தோடு விட்டாளா? படிப்பில்லாததை இழுத்தாள், சோம்பேறித்தனத்தை இழுத்தாள், வாங்கும் சம்பளத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. கேன்டீன் ஆட்கள் கையில் கரண்டியோடு வந்து வேடிக்கை பார்த்தார்கள். அம்மா வயது மனுஷி என்பது அவளுக்கே உறைத்தது. வாய்தான் நிற்கவில்லை.

அக்கா ஈரத் தரையைப் பார்த்தபடியே நின்றார். அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. தப்புச் செய்யாதவர் இப்படியா நிற்பார்?

அப்போதுதான் ஆராய்ச்சி நிலைய இயக்குநர் படியேறி வந்தார். நிர்வாகம் படித்தவர். கிருமி என்றால் அவருக்கு வியாதி, அவ்வளவுதான். நேராக மூன்றாம் எண் தொட்டியிடம் போய் மோந்து பார்த்தார்.

"இப்பதாம்மா மனுஷன் உள்ள வர முடியுது. காலையில நாத்தம் தாங்கல, நானே ஒரு பாட்டில் ஊத்திட்டேன். இந்தம்மா வேற, உள்ள உசுரு இருக்கு சார், ஊத்தாதீங்கன்னு கையைப் பிடிக்காத குறையாத் தடுத்துச்சு. போய் வேலையைப் பாருன்னுட்டேன்."

கரண்டிக்காரர்கள் எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

தொண்டையில் இன்னும் பாதிக் கோபம் மிச்சமிருந்தது. அதற்குரிய ஆள் எதிரேதான் நின்றார்.

"பரவாயில்ல சார்," என்றாள். சிரிக்கவும் செய்தாள்.