வேடியப்பன் கல்யாணம்

"எங்க வேடியப்பனுக்கு நீ எப்படிய்யா காதலி வெச்சே?" பாரூர் சென்றாயன் வாரப் பத்திரிகையை வாத்தியார் சபேசன் முகத்துக்கு நேரே ஆட்டினான்.

வேடியப்பன், சென்றாயன் வீட்டார் கும்பிடும், குதிரை வீரன் செதுக்கிய நடுகல். அந்தக் குதிரை வீரனுக்கு மங்கை என்றொரு காதலியைக் கற்பித்து, சரித்திரத் தொடர் எழுதிக்கொண்டிருந்தார், நாலு வருடமாகத் தனியாகப் பொங்கித் தின்னும் வாத்தியார்.

"கதைதானே, கவுண்டரே!"

"கதையாம்! சாமியை ஏரிக்கரையில பொண்ணோட நிக்க வெச்சிட்டே, ஊரே சிரிக்குது. மரியாதையா ரெண்டு பேருக்கும் கண்ணாலம் பண்ணி வெச்சிடு!"

வாத்தியார் முகத்தில் அப்போது வந்த களையைப் பார்த்திருக்க வேண்டும்! அடுத்த வாரமே மங்கை கழுத்தில் தாலி ஏறியது. சென்றாயன் விடுவானா? மங்கைக்கும் ஒரு கல் நட்டு, வேடியப்பனுக்குக் கட்டிவைத்து, ஊருக்கே சோறு போட்டான்.

பந்தியில் வாத்தியார் பக்கத்தில் குனிந்தான். "அடுத்தது நம்ம வெள்ளையம்மா கண்ணாலம். மாலூர் மாப்பிள்ளை. அழைப்பு நீங்கதான் எழுதித் தரணும் வாத்தியாரே!"

வாத்தியார் பிசைந்த சோறு இலையிலேயே இருந்தது. மங்கையின் சிரிப்பு, நடை எல்லாமே சென்றாயனின் தங்கை வெள்ளையம்மாவுடையது. குதிரை வீரன் யாரென்று சொல்லவும் வேண்டுமா?

அழைப்பை அழகாகத்தான் எழுதிக் கொடுத்தார். வைகாசியில் அவள் மாலூர் போனாள். வாத்தியார் மாற்றல் கேட்டு ஓசூர் போனார், தனியாகத்தான்.