நாலாவது காபி

“வெர்னா, உன் கொழுந்தனுக்கு இன்னொரு காபியாம்!”

ஷெட்டிலிருந்து கணவர் ஓரின் குரல் கொடுத்தார். காலையிலிருந்து இது நாலாவது. வெர்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அறுபத்தெட்டு வயதாகியும் இந்த கர்டிஸுக்கு வாய்தான் முதலில். வந்த வேலையைப் பார்க்கிறானா பாரேன்!

வேலையும் ஒன்றும் பெரிதில்லை. அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவாக அப்பா வாங்கிக் கொடுத்த தொண்ணூறு சி.சி. பைக். அதன் பின்சீட்டில் ஏரிக்கரைக்குப் போய்த்தான் வெர்னா ஓரினுக்குச் சம்மதம் சொன்னாள். அந்தச் சத்தம் கேட்டால் அவளுக்கு இன்றைக்கும் இருபது வயதுதான்.

இன்று அது முரண்டு பிடித்தது. உதைத்தால் ஸ்டார்ட் ஆகும். ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் கரும்புகையைக் கக்கிவிட்டு அணைந்துபோகும்.

பைக் போனால் போகட்டும். குளிர்காலம் முழுக்க ஓரின் சாவியை எங்கே வைத்தோம், அடுப்பை அணைத்தோமா என்று தடுமாறிக்கொண்டிருந்தார். “அந்த பைக்கைக் கிளப்புற வரைக்கும் எனக்கு ஒண்ணுமில்ல வெர்னா. அதுலயும் கோட்டை விட்டேன்னா, நான் அவ்வளவுதான்” என்று நேற்று சாப்பிடும்போது சொல்லியிருந்தார்.

காபியோடு போனாள். கர்டிஸ் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். ப்ளக்கைத் துடைத்தாயிற்று, பெட்ரோலை மாற்றியாயிற்று, கார்புரேட்டரைப் பிரித்து ஊதியும் ஆயிற்று. அதே புகை.

“நீயே போய் எடுத்துட்டு வந்திருக்கலாம்ல அண்ணே? அண்ணியை ஏன் அலைய விடுற?”

“உன்னைத் தனியா விட்டா இருக்கிறதையும் உடைச்சிருவ. துணியை மறந்தவன்தானே நீ!”

அது அந்த வீட்டுப் பழைய கேலி. மினசோட்டாக் குளிருக்கு எலிகள் எந்தச் சந்திலும் கூடு கட்டிவிடும். அதற்காக இன்ஜினுக்குக் காற்று போகும் ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் துணியை அடைத்து வைத்து, பனி உருகியதும் எடுத்துவிடுவார்கள். ஒரு வருஷம் கர்டிஸ் எடுக்க மறந்தான். காற்றுப் போகாமல் பைக் நின்று, மூன்று மைல் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நாற்பது வருஷமாக ஓரின் அதைச் சொல்லிக் காட்டாத நாளில்லை.

“இங்க பாரு, நான் போன வாரமே எடுத்துட்டேன்” என்று சிரித்தபடி பெட்டியின் மூடியைத் திறந்தார். சிரிப்பு அப்படியே நின்றது.

உள்ளே, அவருடைய பழைய கட்டம் போட்ட சட்டைத் துணி.

“எடுத்தேனே...” அவர் அவள் பக்கம் திரும்பினார். “எடுத்தேன்தானே வெர்னா?”



“நீ எடுத்தது உன் துணிண்ணே. இது நான் வெச்சது” என்றான் கர்டிஸ். “பனி விழறதுக்கு முன்னாடி வந்தப்ப, எதுக்கும் இருக்கட்டும்னு இன்னொண்ணைத் திணிச்சேன். சொல்ல மறந்துட்டேன்.”

ஓரின் அவனையே பார்த்தார். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“ரெண்டாவது தடவை! கேட்டியா வெர்னா? இவன் திருந்தவே மாட்டான்!”

துணியை உருவி எறிந்துவிட்டு உதைத்தார். பைக் பழைய குரலில் பாடியது. எழுபத்திரண்டு வயதுக்காரர் முற்றத்தைச் சுற்றி வர ஆரம்பித்தார்.

வெர்னா கொழுந்தன் பக்கம் திரும்பினாள். “தெரிஞ்சுக்கிட்டே நாலு காபி குடிச்சியே, அப்பவே சொல்லித் தொலைச்சா என்ன?”

“காபி எடுக்க அண்ணன் ஒரு தடவையாவது உள்ள போவாரு, அதுக்குள்ள துணியை உருவிடலாம்னு பார்த்தேன் அண்ணி. போகலையே” என்று சொல்லிவிட்டு, கர்டிஸ் கைத்தடியை ஊன்றி மெல்ல எழுந்தான்.

அந்தக் கைத்தடியைப் பார்த்ததும்தான் வெர்னாவுக்கு உறைத்தது. பனி விழும் வரைக்கும் ஆறு வாரம், கர்டிஸ் இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான்; இந்த ஷெட் பக்கமே அவன் வரவில்லை. தினமும் போய் அவனுக்கு சூப் ஊட்டிவிட்டு வந்தவர் ஓரின்தான்.