நடக்க வைத்த வாட்ச்

“அத்தா, இன்னைக்கு எக்கச்சக்கமா நடந்திருக்கீங்களே! நான் அனுப்புன வாட்ச், என் போன்ல காட்டுது,” துபாயிலிருந்து வீடியோ காலில் மகன் ஹம்தான் சிரித்தான்.

“கீழ்வேளூர் கடைத்தெரு வரைக்கும் போயிட்டு வந்தேன் தம்பி,” என்றார் மீரா உசேன்.

“இப்படியே நடங்க. சுகர் தானா இறங்கிடும்.”

பேசி முடித்ததும் மனைவி ஜன்னத் பீவி பொரிந்தாள்.

“பள்ளத்துல வண்டி குலுங்குறதையெல்லாம் அது நடைன்னு கணக்குப் போடுது. எத்தனை நாளைக்குங்க புள்ளைய ஏமாத்துறது?”

“தெரிஞ்சா வேலையை விட்டுட்டு ஓடி வந்துடுவான்.”

“அடுத்த வாரம் புது ரோடு போடப் போறாங்களாம். அப்புறம் வண்டி எப்படிக் குலுங்கும்?”

வாசலில் நின்ற மூன்று சக்கர ஸ்கூட்டரை வெறித்தபடி, சுகர் முற்றி முழங்காலோடு எடுத்துவிட்ட காலின் மேல் கைலியை இழுத்துவிட்டார் மீரா உசேன்.

“இத்தனை வருஷமா போடாத ரோட்டை, அவன் லீவுல வர்ற வரைக்கும் போடாம இருக்கக் கூடாதா?”