பெண் வீட்டுக்குப் போன வீடியோ

மரங்கொத்திக்கு மூணு வருஷமாகப் பெண் அமையவில்லை. பெண் வீட்டுக்கு அனுப்பலாமென்று, அது மரம் கொத்துவதை அணில் செல்போனில் வீடியோ எடுத்து, மேலே தவில் சத்தத்தைச் சேர்த்து அனுப்பியது.

பெண்ணின் அம்மாவிடமிருந்து பதில் வந்தது. "பையன் சும்மா தலையை ஆட்டிக்கிட்டே இருக்கான். வேலைவெட்டி கிடையாதா?"

"தவிலைத் தூக்குடா, பாவி!" என்று கத்தியது மரங்கொத்தி.

"மங்களகரமா இருக்கட்டும்னு போட்டேன்டா!"

அணில் தவிலை எடுத்துவிட்டுப் பார்த்தது. தூரத்திலிருந்து எடுத்ததால் காற்று இரைச்சல்தான் கேட்டது. மறுபடியும், காற்றடிக்காத பக்கமாக, கிட்டவே உட்கார்ந்து எடுத்து அனுப்பியது. டொக், டொக், டொக்.

உடனே பதில் வந்தது. "மாப்பிள்ளை, சத்தத்தைக் கேட்டாலே தெரியுது, உங்க மரத்துக்குள்ள புழு ஏராளம். நாளைக்கே குடும்பத்தோட வர்றோம். சாப்பாடு அங்கேதான்."