பெர்க்மான்ஸ் அனுப்பிய இரங்கல்

மனைவி ஜெசிந்தாவை அடக்கம் செய்த மறுநாள் காலையில், ரொசாரியோ கைப்பேசிக்கு வந்திருந்த இரங்கல் செய்திகளை வாசித்துக்கொண்டிருந்தார். யார் வீட்டிலாவது துக்கம் என்றால், தெரிந்தவர்களின் கைப்பேசிகளே, அவர்களைக் கேட்காமலே, பொருத்தமான வார்த்தைகளை எழுதி அனுப்பிவிடும் காலம் அது. ஆகவே பெரும்பாலானவற்றை மேலோட்டமாகவே பார்த்தார்.

பெர்க்மான்ஸின் செய்தியில் மட்டும் கண் நின்றது. கல்லூரி விடுதியில் ஒரே அறையில் கிடந்த நண்பன். இப்போது மஸ்கட்டில் இருக்கிறான். "தங்கச்சி பொரிச்சுப் போட்ட சீலா மீன் ருசி இன்னும் நாக்குல நிக்குதுடே. நீ தனியா இல்ல, நான் இருக்கேன்" என்று எழுதியிருந்தான். இதை அவன்தான் எழுதியிருக்க முடியும் என்று நினைத்ததுமே, கல்லறைத் தோட்டத்தில்கூட வராத அழுகை வந்தது. அழுது முடித்து, நன்றி சொல்ல அவனை அழைத்தார்.

"என்னடே, அதிசயமா கூப்பிடுத?" பெர்க்மான்ஸின் குரலில் சிரிப்பு இருந்தது. "எல்லாரும் சொகமா? தங்கச்சி பக்கத்துல இருந்தா போனைக் குடு, பேசி எவ்வளவு நாளாச்சு."

அவனுக்கு எதுவும் தெரியாது என்பது ரொசாரியோவுக்குப் புரிந்தது. இப்போது சொன்னால், தன் பெயரில் போயிருக்கும் வரிகளைப் பார்த்து அவன் குறுகிப்போவான். அந்தச் சிரிப்பை உடைக்க அவருக்கு மனம் வரவில்லை.

"தூங்குறா" என்றார்.

"சரி, எழுப்பாத. எந்திரிச்சதும் பேசச் சொல்லு."

"சொல்லுதேன்" என்றார் ரொசாரியோ.