கொசுவத்திச் சத்தியம்

பெருங்களத்தூரில் ராமநாதபுரம் பஸ்ஸில் ஏறியதும் மூன்றாவது சீட்டில் இசைவாணியைப் பார்த்தேன்.

இன்று ராத்திரி வாலாஜாபாத்தில் சித்தி வீட்டில் தங்குவதாகச் சொல்லிவிட்டுப் போனவள். என்னைக் கண்டதும் துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

திருட்டுக் கழுதை! எனக்குக் கொதித்தது. ஆனால் கொதிக்க எனக்கு என்ன யோக்கியதை? தலைவலி, ரூமிலேயே படுத்திருப்பேன் என்று மதியம் அவளிடம் புளுகிவிட்டு வந்தவள்தானே நானும்.

ஒரகடத்தில், காருக்கு வயர் கட்டும் கம்பெனியில் இருவருக்கும் வேலை. ஒரே ஹாஸ்டல், ஒரே ரூம். அவள் பரமக்குடி, நான் தேவிபட்டினம். ஓட்டும் ஒரே தொகுதியில்.

வந்தது வினை.

பார்லிமெண்ட் தேர்தலுக்கு அவளுடைய ஆள், தொழிற்சாலை கொண்டுவருவேன், இருக்கிற வேலையைக் காப்பாற்றுவேன் என்கிறவர். என்னுடைய ஆள், இலங்கையோடு பேசி மீனவர்களைப் பிடிப்பதை நிறுத்துவேன் என்கிறவர்.

"அடுத்த நாட்டுக்காரன்கிட்ட பேசுனா சோறு வந்துருமாடி?" என்பாள் அவள்.

"கடலுக்குப் போனவுக திரும்பி வந்தாத்தானடி சோறு?" என்பேன் நான்.

என் அய்யாவை இரண்டு தடவை பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். படகு இன்னும் அந்தக் கரையில்தான் கிடக்கிறது. இப்போது அடுத்தவர் படகில் கூலிக்குப் போகிறார்.

மூன்று வாரம் இதே சண்டை. வார்டன் ராஜம்மா நொந்தே போனார். "டில்லில கீறவங்களே இவ்ளோ பேசல. தூங்க வுடுங்கடி!"

கடைசியில் வாணிதான் வழி சொன்னாள். உன் ஓட்டும் என் ஓட்டும் ஒன்றையொன்று அடித்துவிடும், இதற்கு ஏன் ஊர்வரை அலைய வேண்டும்? ஓட்டுக்கு விடும் லீவில் கோழிக்குழம்பு வைத்துத் தின்றுவிட்டுப் படுத்துத் தூங்குவோம். இருவருமே போக வேண்டாம்.

சூடம் அணைத்துத்தான் சத்தியம் செய்வார்கள். ஹாஸ்டலில் சூடத்துக்கு எங்கே போவது? கொசுவத்தியை அணைத்தோம். என் விரல் சுட்டுக்கொண்டதுதான் மிச்சம்.

அது ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை அவள் லைனில் பாதிப்பேரை இனி வேலை இல்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள் பெயர் அதில் இல்லை. ஆனாலும் அன்று அவள் சாப்பிடவில்லை.

இன்று புதன், நாளை ஓட்டு. பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தொடையில் நறுக்கென்று கிள்ளினேன்.

"சத்தியத்தை மீறி உன் ஆளுக்குப் போடப் போறியா?"

"உன் ஆளுக்குடி!" என்று சீறினாள். "போன வாரம் உங்க அய்யா கரைக்கு வரலைன்னு விடிய விடிய போனைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தியே. பக்கத்துல படுத்திருந்தவளுக்குத் தெரியாதாக்கும்? சரி, நீ எதுக்கு வந்த?"

கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"திங்கக்கிழமை சாப்பிடாம படுத்தியே, அதுக்கு."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடிப்பாவி! இப்பவும் ரெண்டு ஓட்டும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிருமேடி. ரூம்லயே கோழி தின்னுருக்கலாம்!"

கண்டக்டர் அதட்டும்வரை சிரித்தோம்.

செங்கல்பட்டில் பஸ் நின்றது. அங்கிருந்து ஒரகடத்துக்குத் திரும்பிவிடலாம். இரண்டு பேரும் இறங்கவில்லை.